'குறைந்த கவலை' என்றால் திட்டத்தில் இடமே கிடையாதா? உயிரினம் செய்யும் வேலையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

நீரோடை

வணக்கம். மூன்று மாதமாக ஒரு காட்டுப் பகுதிக்கான பாதுகாப்புத் திட்டம் எழுதும் குழுவில் இருக்கிறேன். எந்தக் காடு என்பது இங்கே முக்கியமில்லை. எங்கே உட்கார்ந்து எழுதினாலும் இந்தச் சிக்கல் வரும் என்றுதான் தோன்றுகிறது.

முதல் வேலையாக ஓர் அட்டவணை போட்டோம். இடப்பக்கம் உயிரினங்களின் பெயர். அடுத்தடுத்த கட்டங்களில் எந்த இனம் அழியும் அபாயத்தில் உள்ளது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலை, வேறெங்கும் காணாத இனமா, கடைசிக் கணக்கெடுப்பில் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டி வரும் தொகைதான் எதற்கு எவ்வளவு நிலம், எத்தனை ஆள், எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்யும்.

பட்டியலின் உச்சியில் ஒரு தவளை. அது அங்கே இருப்பதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அடியில், சுழியத்தில், பழம் தின்னும் புறாக்களும் பழந்தின்னி வௌவால்களும். எல்லாம் அந்தப் பட்டியலில் 'குறைந்த கவலை', அதாவது அழியும் அபாயம் இல்லாதவை. ஆகவே திட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

போன மாதம் உள்காட்டில் பெரிய பழம் காய்க்கும் ஒரு மரத்தடியில் நின்றேன். கீழே நாற்றங்கால் மாதிரி கன்றுகள், விரல் நுழைய இடமில்லாமல். பாதி ஏற்கெனவே மஞ்சளாகி வாடிக்கொண்டிருந்தது. இருபது அடி தள்ளிப் போனால் அந்த மரத்தின் கன்று ஒன்றுகூட இல்லை. நாற்பது அடி தள்ளியும் இல்லை. பழத்தை யாரும் எடுத்துப் போகவில்லை. விழுந்த இடத்திலேயே முளைத்து, ஒன்றையொன்று நெருக்கிச் செத்துக்கொண்டிருக்கின்றன.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். "பறவைகள் இருக்கின்றனவே, பதிவேட்டில் உள்ளதே" என்று பதில் வந்தது. இருக்கின்றன, உண்மைதான். ஆனால் வேலை நடக்கவில்லையே?

உயிரினத்தின் சூழலியல் பங்கை ஒரு திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

வேம்படி

புதியவர்களும் படிப்பார்கள் என்பதால் இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

1963-இல் ராபர்ட் பெய்ன் என்ற சூழலியலாளர் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முக்கா விரிகுடாவின் பாறைக் கரையில் ஒரு சிறு துண்டைத் தேர்ந்தெடுத்தார். கடல்நீர் இறங்கும் நேரத்தில் போய், பாறையோடு இறுகப் பற்றியிருக்கும் நட்சத்திர மீன்களைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துத் தண்ணீருக்குள் வீசுவார். மறுபடி வந்தால் மறுபடி வீசுவார். பக்கத்திலேயே இன்னொரு துண்டைத் தொடாமல் விட்டார். தொடாத பாறையில் 15 இனங்கள் அப்படியே இருந்தன. நட்சத்திர மீன் இல்லாத பாறையில் சிப்பிகள் மேலிருந்து கீழே படர்ந்து வந்து இடத்தைப் பிடிக்க, மற்றவை ஒவ்வொன்றாகப் போய் 8 ஆகிவிட்டன. 1966-இல் இதை வெளியிட்டார். 1969-இல் இப்படிப்பட்ட இனத்துக்குக் 'கீஸ்டோன்' என்று பெயர் வைத்தார். கல் வளைவின் உச்சியில் செருகும் கல் அது. அதை உருவினால் வளைவு நிற்காது.

இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்த நட்சத்திர மீன் அரிய இனம் இல்லை. அந்தக் கரைக்கு உங்கள் அட்டவணையைப் போட்டிருந்தால் அதற்கும் சுழியம்தான் வந்திருக்கும்.

அப்புறம் கடல் நீர்நாய். தோலுக்காக வேட்டையாடி, 1911-இல் பன்னாட்டு ஒப்பந்தம் வந்து தடுத்தபோது சில சிறு கூட்டங்கள்தான் மிஞ்சியிருந்தன. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் சில இடங்களுக்கு அவை திரும்பின, சில இடங்களுக்குத் திரும்பவில்லை. ஜேம்ஸ் எஸ்டெஸும் ஜான் பால்மிசானோவும் இரண்டு வகைத் தீவுகளையும் ஒப்பிட்டு 1974-இல் எழுதினார்கள். நீர்நாய் இருந்த தீவைச் சுற்றிக் கெல்ப் என்ற உயரமான கடற்பாசி காடாக நின்றது. இல்லாத தீவில் கடல்தரை முழுக்க, பந்து போன்ற உடலெங்கும் முள் உள்ள கடல் முள்ளெலிகள். பாசியை அடியோடு கத்தரித்துத் தின்றுவிட்டிருந்தன. நீர்நாய் தன் உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு ஒவ்வொரு நாளும் தின்னும். குளிர்ந்த கடலில் உடம்பைச் சூடாக வைத்திருக்க அதற்கு வேறு வழியில்லை. அந்தப் பசிதான் பாசிக் காட்டைக் காப்பாற்றுகிறது.

சருகுமான்

நீரோடை, உங்கள் மரத்தடியைப் படித்ததும் எனக்குப் பசிபிக் கடலின் டோங்கா தீவுகள்தான் நினைவுக்கு வந்தன. உங்கள் கூட்டத்தில் வந்த "இருக்கின்றனவே" என்ற பதிலுக்கு நேர் மறுமொழி அங்கே இருக்கிறது.

கிம் மெக்கான்கியும் டொனால்ட் டிரேக்கும் அங்குள்ள வவாவு தீவுக் கூட்டத்தில் பழந்தின்னி வௌவால்களைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. பழுத்த மரத்துக்கு வௌவால் வருகிறது. முதலில் வந்தது ஒரு கிளையைத் தனதாக்கிக்கொண்டு அங்கேயே தொங்கியபடி தின்னும்; கொட்டையைக் கீழே போடும். அந்தக் கொட்டை தாய்மரத்தின் நிழலில்தான் விழும். கூட்டம் அதிகமாக இருந்தால் பின்னால் வருபவற்றுக்கு உட்காரக் கிளை கிடைக்காது. ஏற்கெனவே இருப்பது சீறி விரட்டும். விரட்டப்பட்டது ஒரு பழத்தை வாயில் கவ்விக்கொண்டு பறந்து, வேறு மரத்தில் போய்த் தொங்கித் தின்னும். கொட்டை அங்கே விழும். காடு பரவுவது இந்தச் சண்டையால்தான்.

வௌவால்களின் எண்ணிக்கை குறைந்தால் சண்டை இல்லை. எல்லாவற்றுக்கும் கிளை உண்டு. எல்லாம் தாய்மரத்திலேயே வயிறு நிரம்பத் தின்றுவிட்டுப் போகும். 5 மீட்டருக்கு அப்பால் போகும் விதைகளின் பங்கு, வௌவால் குறையக் குறையப் படிப்படியாக இறங்கவில்லை. ஓர் எல்லைக்குக் கீழே போனதும் ஏறக்குறைய நின்றேபோனது. அந்த நிலையிலும் வௌவால்கள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும். கணக்கெடுக்கப் போனால் "உள்ளது" என்றே எழுதுவீர்கள்.

ஓர் இனம் அரிதாவதற்கு வெகு முன்பே அதன் வேலை நின்றுபோக முடியும். இந்த இழையில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். சிவப்புப் பட்டியல் கேட்கும் கேள்வி 'இந்த இனம் அற்றுப்போகுமா' என்பது. மிக மோசமான நிலைக்கு அதன் அளவுகோல்களில் ஒன்று, முதிர்ந்தவை 50-க்கும் குறைவு. அந்தக் கேள்விக்கு அந்த எண் சரி. 'இது தன் வேலையைச் செய்ய எத்தனை வேண்டும்' என்பது வேறு கேள்வி. அதற்கு விடை ஐம்பதாயிரமாகக்கூட இருக்கலாம். பாதுகாப்பு உயிரியலாளர் மைக்கேல் சூலே முதலானோர் 2003-இலேயே இதை எழுதினார்கள்: உயிர் பிழைக்கப் போதுமான எண்ணிக்கையோடு திட்டம் நின்றுவிடக் கூடாது, பங்காற்றப் போதுமான அடர்த்தியை இலக்காக வைக்க வேண்டும் என்று. அதற்கும் முன்னால், 1974-இல் சூழலியலாளர் டேனியல் ஜான்சென், உயிரினங்களுக்கு இடையிலான உறவுகள் அற்றுப்போவது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது என்று எச்சரித்திருந்தார். நீங்கள் மரத்தடியில் பார்த்தது அதுதான்.

கற்றாழை

எல்லாம் சரி. ஆனால் எனக்கு இதில் ஒரு பயம் இருக்கிறது. நான் பல ஆண்டு நத்தைகளோடு வேலை செய்தவன். அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பங்கைப் பார்த்து மதிப்பெண் போடத் தொடங்கினால், பங்கு தெரியாத இனத்துக்கு என்ன போடுவீர்கள்? பெரும்பாலான பூச்சிகளும் நத்தைகளும் காளான்களும் என்ன செய்கின்றன என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நமக்குத் தெரியவில்லை என்பது அட்டவணையில் சுழியமாக உட்கார்ந்துகொள்ளும். ஓநாய்க்கும் நீர்நாய்க்கும் நிறையக் கட்டுரை உண்டு, அவை மேலே போகும். என் நத்தை அடியிலேயே கிடக்கும்.

இரண்டாவது, பங்கைப் பற்றிய கதைகள் ருசியானவை. சீக்கிரம் பரவிவிடும், பிறகு திருத்துவது கடினம். மொரீஷியஸில் ஒரு மரம் அழிவதற்குக் காரணம் டோடோ பறவை இல்லாமல் போனதுதான், அதன் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் விதை முளைக்கும் என்று ஸ்டான்லி டெம்பிள் 1977-இல் எழுதினார். வான்கோழிகளுக்கு அந்த விதையை ஊட்டிப் பார்த்து, மூன்று முளைத்தது என்றார். உலகமே அந்தக் கதையைத் திருப்பிச் சொன்னது. பிறகு பார்த்தால், டோடோ போனபின் முளைத்த இளைய மரங்களும் இருந்தன, பறவை இல்லாமலே விதை முளைக்கவும் செய்தது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவும் அப்படித்தான். 1926 வாக்கில் ஓநாய்களை ஒழித்தார்கள்; 1995, 96-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் வந்தது, மான் குறைந்தது, ஓடைக்கரையில் வில்லோ மரம் வளர்ந்தது, ஆறே மாறியது என்று சொல்கிறார்கள். ஆனால் 20 ஆண்டுக்கு மேல் நடந்த ஒரு கள ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. ஓநாய் இல்லாத காலத்தில் அந்த ஓடைகளிலிருந்து பீவர்களும் போய்விட்டன. அணை கட்ட ஆளில்லாமல் ஓடை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓட, நிலத்தடி நீர் இறங்கிவிட்டது. வேலி போட்டு மானைத் தடுத்து, செயற்கை அணை கட்டித் தண்ணீரையும் உயர்த்திய இடங்களில் வில்லோ நன்றாக வளர்ந்தது. வெறுமனே ஓநாயைத் திரும்ப விட்ட இடத்தில் அந்த அளவுக்கு மீளவில்லை. இதில் இன்றும் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஒத்த கருத்து இல்லாத ஒன்றை வைத்து நாளைக்குப் பணத்தைப் பங்கிடப் போகிறோமா?

நீரோடை

கற்றாழை அண்ணா, நீங்கள் சொன்ன முதல் பயம் எனக்கும் உண்டு. தவளையின் பங்கு என்ன என்று எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. அதனால் அதன் மதிப்பெண் இறங்கினால் நானே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சருகுமான்

யெல்லோஸ்டோன் உதாரணத்தை நான் உங்களுக்கு எதிராகவே திருப்பலாம் என்று நினைக்கிறேன், அண்ணா. ஓநாயும் பீவரும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்த காலத்தில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நின்று 70 ஆண்டான பிறகு திருப்பிக் கொண்டுவந்தால் நிலமே வேறாகிவிட்டது. பங்கு நிற்பதற்கு முன்னால் திட்டம் போட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அலைவாய்

கடல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். ஏனென்றால் இந்தப் பேச்சில் அடுத்து நிச்சயம் வரும் கேள்வி, "ஒரே வேலையைச் செய்ய நாலு இனம் இருக்கிறதே, ஒன்று போனால் என்ன" என்பது. கூட்டத்திலும் வரும், தயாராக இருங்கள்.

ஜமைக்காவின் பவளப்பாறைகள். பவளத்தின் மேல் படரும் பாசியைக் கிளிமீன்கள் கொத்தித் தின்று பாறையைச் சுத்தமாக வைத்திருக்கும். பல பத்தாண்டுகளாக அங்கே மீன்பிடி அளவுக்கு மீறிப் போனதால் பெரிய கிளிமீன்கள் தீர்ந்துவிட்டன. பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம், நீண்ட கறுப்பு முட்கள் உள்ள டயடீமா என்ற கடல் முள்ளெலி அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. போட்டிக்கு மீனும் இல்லாததால் இன்னும் பெருகியது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் நலம்.

1983-இல் பனாமா பக்கம் தொடங்கிய ஒரு நோய், ஓராண்டு சொச்சத்தில் கரீபியன் முழுவதும் அந்த முள்ளெலிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கொன்றது. அதற்கு முன் 1980-இல் ஒரு பெரும்புயல் பவளத்தை உடைத்திருந்தது. புயலுக்குப் பின் பவளம் தளிர்க்க வேண்டிய இடத்தை இப்போது பாசி மூடியது. அதைத் தின்ன முள்ளெலியும் இல்லை, மீனும் இல்லை. எழுபதுகளின் இறுதியில் பாறையில் பாதிக்கு மேல் உயிர்ப்பவளமாக இருந்தது, 1990-களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. டெர்ரி ஹியூஸ் 1994-இல் எழுதியது இது.

அதாவது மாற்று ஆள் ஒருவர் இருந்தார். அவர் ஒருவரே இருந்தார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அட்டவணையில் இனத்துக்கு ஒரு வரி என்று போடுவதோடு, வேலைக்கு ஒரு வரி என்றும் போட்டுப் பாருங்கள். "பாசி தின்பது: இருவர்" என்று இருந்தது "ஒருவர்" ஆகும் நாளில் மணி அடிக்க வேண்டும். பெலீஸ் 2009-இல் கிளிமீன் பிடிப்பதையே தடை செய்தது. அவை அழிந்துவிடும் என்பதைவிட, அவை செய்யும் வேலை பாறைக்கு வேண்டும் என்பதே அந்தத் தடையின் நியாயம்.

வேம்படி

அலைவாய் சொன்ன 'வேலைக்கு ஒரு வரி' எனக்குப் பிடித்திருக்கிறது. கற்றாழை அண்ணாவின் நத்தைக்கும் அது உதவும் என்று தோன்றுகிறது. பங்கை ஆராயப் போய்தான் பல சின்ன உயிர்கள் வெளிச்சத்துக்கு வந்திருக்கின்றன.

இங்கிலாந்தில் பெரிய நீலன் என்று ஒரு பட்டாம்பூச்சி. அது குறைந்துகொண்டே வந்தபோது வெகுகாலம் பட்டாம்பூச்சி சேகரிப்பவர்கள் மீதுதான் பழி. 1979-இல் அங்கே அற்றே போனது. ஜெரமி தாமஸ் புல்தரையில் பல ஆண்டு படுத்துக் கிடந்து பார்த்த பிறகுதான் உண்மை தெரிந்தது. இதன் புழு சில வாரங்கள் பூவைத் தின்றுவிட்டுத் தரையில் விழும். அந்த வழியாக வரும் சிவப்பு எறும்பு ஒன்று அதைத் தன் குஞ்சு என்று நினைத்துக் கூட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும். உள்ளே அது பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளரும். எல்லாச் சிவப்பு எறும்பும் சரிப்படாது, ஒரே ஓர் இனத்தின் கூட்டில்தான் நன்றாகப் பிழைக்கும். அந்த எறும்புக்கோ வெயில் படும் சூடான மண் வேண்டும். புல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்ந்தாலே மண் குளிர்ந்துவிடும், வேறு எறும்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். புல்லைக் குட்டையாக வைத்திருந்தது முயல்கள். 1950-களில் மிக்ஸோமடோசிஸ் நோயில் முயல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய்ச்சலும் குறைந்தது. புல் வளர்ந்தது.

முயல், புல், எறும்பு, பட்டாம்பூச்சி. இந்த வரிசை தெரிந்த பிறகு மேய்ச்சலைச் சரிசெய்து, 1983 முதல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இன்று அது அங்கே மறுபடி பறக்கிறது. பட்டாம்பூச்சியை மட்டும் எழுதிய திட்டத்தில் எறும்பும் முயலும் வந்திருக்குமா?

ஊர்க்குருவி

வெகுநாளாகப் படிப்பவள், இன்றுதான் எழுதுகிறேன். பாறுக் கழுகைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இருந்தது.

தெற்காசியாவில் ஒரு காலத்தில் எண்ண முடியாத அளவுக்கு இருந்தவை. மாட்டுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் உடலில் மிஞ்சி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. காரணம் இதுதான் என்று 2004-இல் தெரிந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன.

பாறு இல்லாத இடத்தில் பிணம் அழுகிக் கிடந்தது, தண்ணீரில் கலந்தது, தெருநாயும் எலியும் தின்றன. இதனால் இந்தியாவில் 2000 முதல் 2005 வரை ஐந்து ஆண்டில் கூடுதலாக ஏறக்குறைய 5 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2024-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். முதன்முதலில் அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பறவை சிவப்புப் பட்டியலில் மிக மோசமான நிலைக்கு வந்தது 2000-இல். கொத்துக்கொத்தாகச் சாவது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. கோடிக்கணக்கில் இருந்த நாளில் யாராவது "இது என்ன வேலை செய்கிறது, இதற்கு மாற்று யார்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் முன்பே பதறியிருப்போம் அல்லவா?

கற்றாழை

ஊர்க்குருவி, எழுதியதற்கு நன்றி. அந்த எண் என்னையும் உலுக்கியதுதான்.

ஆனால் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். சூழலில் ஓர் இனத்தின் பங்கு வேறு, அதனால் மனிதருக்குக் கிடைக்கும் பயன் வேறு. பாறுவில் இரண்டும் ஒன்றாக வந்தது. உங்கள் காட்டில் விதை தூக்கும் புறாவால் மனிதருக்கு என்ன பயன் என்று கணக்குக் காட்ட முடியாமல் போகலாம். பயனைக் காட்டித்தான் பங்கை நிறுவ வேண்டும் என்று ஆகிவிட்டால் மறுபடி பாதி இனங்கள் வெளியே நிற்கும்.

பங்குக்கு ஒரு கட்டம் போடுவதை நான் இனி எதிர்க்கவில்லை. இரண்டே வேண்டுகோள். அதை அழிவு அபாய மதிப்பெண்ணோடு கூட்டாதீர்கள், தனியாக நிற்கட்டும். கூட்டினால் ஒன்றின் பெயரால் மற்றொன்றைக் குறைப்பார்கள். அப்புறம், தெரியாத இடத்தில் சுழியம் போடாமல் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். 'தெரியவில்லை' என்று இருந்தால்தான் அடுத்த ஆண்டு யாராவது போய்ப் பார்ப்பார்கள்.

சருகுமான்

கற்றாழை அண்ணா சொன்ன இரண்டையும் அப்படியே ஏற்கிறேன். நீரோடை, உங்கள் குழுவில் "இப்படி எங்கேயாவது செய்திருக்கிறார்களா" என்று கேட்டால் காட்டுவதற்கு இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கிரில். அண்டார்க்டிக் கடலில் இறால் போலிருக்கும் அந்தச் சிறு உயிரைத்தான் திமிங்கிலம், பென்குயின், சீல் எல்லாம் நம்பியிருக்கின்றன. 1982-இல் நடைமுறைக்கு வந்த அந்தக் கடலுக்கான உடன்படிக்கை, பிடிக்கும் இனத்தோடு அதை நம்பியிருக்கும் இனங்களின் உறவையும் காக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. அதை எண்ணாகவும் ஆக்கினார்கள். கிரிலை மட்டும் தனியாகப் பார்த்தால், பிடிக்காமல் விட்டால் இருக்கும் அளவில் பாதியை விட்டுவைத்தால் போதும். ஆனால் தின்பவர்களுக்கும் வேண்டுமே என்று, முக்கால் பங்கு கடலிலேயே இருக்கும்படி பிடி அளவை வைக்க வேண்டும் என்று விதி. பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் இருப்பதுதான் கிரிலின் பங்குக்கான ஒதுக்கீடு. இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் குதிரை லாட நண்டு. வசந்த காலத்தில் கரையேறி மணலில் முட்டையிடும். அதே வாரங்களில் ரெட் நாட் என்ற சிறு கரைப்பறவை, தென் அமெரிக்காவின் கடைக்கோடியிலிருந்து ஆர்க்டிக் போகும் வழியில் அங்கே இறங்கி, இரண்டு வாரத்தில் தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்த முட்டைதான் அதன் எரிபொருள். 2012-இல் அங்கே ஒரு முறையை ஏற்றார்கள்: நண்டை எத்தனை பிடிக்கலாம் என்பதை நண்டின் கணக்கோடு அந்தப் பறவையின் கணக்கையும் வைத்தே முடிவு செய்வது. நண்டு இனம் தப்பித்தால் போதாது, பறவைக்கு வேண்டிய அளவு முட்டையும் கரையில் கிடக்க வேண்டும்.

மூன்றாவது, சிவப்புப் பட்டியலை வெளியிடும் ஐயுசிஎன் அமைப்பே 2021-இல் கொண்டுவந்த பச்சை நிலை மதிப்பீடு. ஓர் இனம் முழுமையாக மீண்டது என்று சொல்ல, அது பழைய பரப்பு முழுவதும் இருக்க வேண்டும், எங்கும் அழியும் நிலையில் இருக்கக் கூடாது, ஒவ்வொரு பகுதியிலும் தன் சூழலியல் பணியைச் செய்துகொண்டிருக்க வேண்டும். சிவப்புப் பட்டியலை மேற்கோள் காட்டுபவர்களிடம் அதே அமைப்பின் இந்த வரையறையையும் காட்டுங்கள்.

விதைக்கு நேரடியான உதாரணம் வேண்டுமென்றால், டோடோ கதை நடந்த அதே மொரீஷியஸ்தான். எக்ரெட் தீவு என்று சுமார் 25 ஹெக்டேர் உள்ள குட்டித் தீவு. அங்கிருந்த கருங்காலி மரத்தின் பெரிய பழங்களைத் தின்று பரப்பிய ராட்சத ஆமைகள் அழிந்துவிட்டன. உங்கள் மரத்தடி மாதிரியேதான் அங்கும். 2000-இல் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பழத்தைத் தின்று நடந்துபோன இடமெல்லாம் கன்று முளைத்தது. ஆமையின் வயிற்றைக் கடந்த விதை கூடுதலாகவும் முளைத்தது. இந்த முறை யாரும் கதையை நம்பவில்லை, விதைத்துப் பார்த்து எண்ணினார்கள்.

நீரோடை

இரண்டு நாளாக இதையெல்லாம் படித்துவிட்டு வரைவைத் திருத்தினேன். பழைய அட்டவணை அப்படியே இருக்கிறது, தவளை உச்சியிலேயே இருக்கிறது. பின்னால் தனியாக ஒரு தாள். அதில் இனத்தின் பெயருக்குப் பதிலாக வேலையின் பெயர் இடப்பக்கம்: பெரிய விதை தூக்குதல், சிறு விதை தூக்குதல், பிணம் அகற்றுதல், சாணம் புதைத்தல், ஓடையில் சருகு அரைத்தல், இரவுப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோதல். எதிரே யார் யார் செய்கிறார்கள், எத்தனை பேர், இப்போது நடக்கிறதா, நமக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும்.

எழுதும்போதே கை நின்ற இடம் ஒன்று. 'பெரிய விதை தூக்குதல்' என்பதற்கு எதிரே இரண்டே பெயர்தான் வந்தது. ஒரு புறா, ஒரு வௌவால். இரண்டும் 'குறைந்த கவலை'. ஆறு மரவகைகள் அந்த இரண்டையும் நம்பி நிற்கின்றன. சருகு அரைப்பதில் நத்தைக்கு எதிரே 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன், கற்றாழை அண்ணா.

'இப்போது நடக்கிறதா' என்ற கட்டத்துக்கு என்ன அளப்பது? எங்களிடம் ஆள் குறைவு, காலமும் குறைவு.

சருகுமான்

வௌவாலை எண்ணப் போகாதீர்கள், அதற்கு உங்களிடம் ஆள் போதாது. வேலையை எண்ணுங்கள். பழுக்கிற மரங்களில் பத்துப் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு திசையில் கயிறு பிடித்து, 50 மீட்டர் வரை, அந்த வகைக் கன்று எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று குறியுங்கள். இரண்டு பேர் ஒரு நாளில் இரண்டு மரம் முடிக்கலாம். கன்றின் உயரத்தையும் எழுதுங்கள். முழங்கால் உயரக் கன்று தூரத்தில் இருந்து, விரல் உயரக் கன்று மரத்தடியில் மட்டும் இருந்தால், வேலை அண்மையில்தான் நின்றிருக்கிறது என்று ஊகிக்கலாம். தூரத்தில் நிற்பவை எல்லாம் முதிர்ந்த மரங்கள் மட்டுமே என்றால் நின்று வெகுகாலம் ஆகியிருக்கும்.

வேம்படி

அதோடு மரத்தடியில் கம்பி வளையத்தில் துணி கட்டி, புனல் மாதிரி நாலைந்து தொங்கவிடுங்கள். விழுவது சதையோடு உள்ள முழுப் பழமா, சதை போன வெறும் கொட்டையா என்று தெரிந்துவிடும். முழுப் பழமாகவே அழுகினால் மரத்துக்கு ஆளே வரவில்லை. வெறும் கொட்டையாக மரத்தடியிலேயே குவிந்தால் ஆள் வருகிறது, தூக்கிக்கொண்டு போகவில்லை. டோங்காவில் நடந்தது இரண்டாவது. இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு. முதலாவதற்கு அவை ஏன் வரவில்லை என்று தேட வேண்டும். இரண்டாவதற்கு வேட்டையைத் தடுத்து எண்ணிக்கையைக் கூட்டினாலே போதலாம்.

கற்றாழை

துணிப் புனலில் விழும் சருகையும் கொட்டிவிடாதீர்கள், ஒரு பையில் போட்டு மரத்தின் எண்ணை எழுதி வையுங்கள். அதில் நத்தை இருக்கும். பிரித்துப் பார்க்க நான் வருகிறேன்.

நீரோடை

வாருங்கள் அண்ணா. பழம் பழுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முதலில் அந்த நாற்றங்கால் மரத்தில்தான் கயிறு பிடிக்கப் போகிறோம். பன்னிரண்டு மரத்தின் தூரக் கணக்கும் கையில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.